எருமைப் பத்தைக் கொடுத்துப் பார்

அன்புள்ள பாப்பா,

உன் கடிதம் வந்த அன்றே உங்கம்மாவுக்குப் போன் போட்டேன். நடுராத்திரி வரை உட்கார்ந்து விடைத்தாள் திருத்துகிறாயாம், காலையில் சாப்பிடாமலே பஸ் பிடிக்க ஓடுகிறாயாம். அதையெல்லாம் விட்டுவிட்டு என்னிடம் கட்டுரையைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறாய். சரி, கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்புக்கு மாதிரிக் கட்டுரைகளைச் சொல்லி எழுதவைத்து மனப்பாடம் பண்ணச் சொல்வதா, கவிதைகளைக் காட்டி அவர்களையே எழுத வைப்பதா என்கிறாய். முடிவு உன்னுடையதுதான். வகுப்பில் நிற்பவள் நீ, தேர்ச்சி விகிதத்துக்குப் பதில் சொல்பவளும் நீ. ஆனால் 'மாதிரிக் கட்டுரை' என்று படித்ததுமே எனக்கு உங்கப்பாவின் மழைக் கட்டுரை ஞாபகம் வந்துவிட்டது. ஓடு ஒழுகுகிற இடத்திலெல்லாம் பாட்டி எந்தப் பாத்திரத்தை வைத்தாள் என்று அண்ணன் எழுதியிருந்தார். முன்னுரை இல்லையென்று அவருடைய வாத்தியார் அதன் குறுக்கே கோடு இழுத்தார். அதற்குப் பிறகு அண்ணன் சொந்தமாக ஒரு கார்டுகூட எழுதவில்லை. தாத்தா காரியத்துக்கு ஊர் ஊராகக் கடிதம் போட என்னைத்தான் கூப்பிட்டார். அந்த வாத்தியாரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை, பாப்பா. அவர் செய்ததை நம் வீட்டுப் பெண் ஒருத்தி முப்பது பிள்ளைகளுக்குச் செய்யக் கூடாது.

நம் வகுப்புகளில் கவிதைக்கு ஒரு வேலை, கட்டுரைக்கு வேறொரு வேலை என்று பிரித்து வைத்துவிட்டோம். கவிதை வந்தால் எதுகைக்கும் மோனைக்கும் அடிக்கோடு போட்டு நயம் பாராட்டுவது. கட்டுரை வந்தால் குறிப்புச்சட்டகம், முன்னுரை, முடிவுரை. பிள்ளை எழுதுவதற்குக் கவிதையிடமிருந்து எதையாவது எடுத்துக்கொள்ளலாம் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்லியும் அந்தாதி கட்டச் சொல்லியும் பழக்கியவர்கள் நம் பழைய ஆசிரியர்கள். கவிதையைக் காட்டி எழுத வைப்பது புதிய முறை என்று உங்கள் தலைமையாசிரியர் தயங்கினால் இதை அவரிடம் சொல்.

உன் அலமாரியில் ஐங்குறுநூறு இருக்கிறது, நான் கொடுத்ததுதான். உ.வே.சா. 1903இல் அதை அச்சேற்றினார். அதன் பிறகும் அது பெரும்பாலும் பட்டப்படிப்புக்காரர்கள் கையிலேயே தங்கிவிட்டது. ஒரு பாட்டுக்கு மூன்று முதல் ஆறு அடிதான், பத்துப் பத்தாக அடுக்கியிருக்கும். ஓரம்போகியார் பாடிய மருதத்தை எடு. கள்வன் பத்து இருக்கிறது, வயல் நண்டைப் பற்றி. எருமைப் பத்து இருக்கிறது. எருமை என்ன செய்தது என்பது முதலில் வரும், மனுஷர்கள் சங்கதி அதன் பின்னால் வரும். பிள்ளைகளுக்கு அந்தக் கட்டுமானம் மட்டும் போதும். அவரவர் தெருவில் இருக்கும் ஏதாவது ஒரு உயிரைப் பார்த்து வரச் சொல். அது செய்தது இரண்டு வரி, வீட்டில் நடந்தது இரண்டு வரி. பத்துப் பேர் எழுதினால் வகுப்புக்கு ஒரு பத்து ஆயிற்று.

என் வகுப்பில் ஒரு பையன் ஆட்டைப் பற்றி எழுதினான். சந்தையில் விற்ற ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டது, திருப்பூருக்குப் போன அண்ணன் பொங்கலுக்கும் வரவில்லை என்று. அவ்வளவுதான். அதுவரை எதைக் கேட்டாலும் வெற்றுத்தாளை நீட்டிய பையன் அவன்.

உரைநடைக்கும் கவிதையே மாதிரியாகும். புறநானூற்றில் 188ஆம் பாட்டில், குழந்தை சோற்றை அளைந்து விளையாடுவதைப் பாண்டியன் அறிவுடைநம்பி வினைகளாகவே அடுக்கிக்கொண்டு போகிறான். அதைப் படித்துக் காட்டிவிட்டு, தம்பியோ தங்கையோ சாப்பிடுவதை 'அழகான', 'இனிமையான' என்ற சொற்கள் இல்லாமல் ஒரு பத்தி எழுதச் சொல். நோட்ஸ் மொழி தானாகக் கழன்றுவிடும்.

மாதிரி என்றால் அச்சு அல்ல என்பதில் மட்டும் கவனமாக இரு. பாட்டை இரண்டு முறை உரக்கப் படி. பதவுரை சொல்லாதே, தெரியாத சொல்லுக்கு மட்டும் பொருள் சொல். பாட்டில் எது முன்னே வந்தது, எது பின்னே வந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வை. பிறகு புத்தகத்தை மூடச் சொல். திறந்து வைத்தால் புலவரின் சொற்கள்தான் தாளில் வந்து விழும். அவர்கள் எழுதும்போது நீயும் உட்கார்ந்து எழுது. காதல் பாட்டு என்று யாராவது முகம் சுளித்தால் முல்லையில் செவிலி கூற்றுப் பத்து இருக்கிறது. அப்பா, அம்மா, நடுவே பிள்ளை என்று குடும்பக் காட்சி, யாரும் குறை சொல்ல முடியாது.

திருத்தும்போது முதல் சுற்றில் சிவப்பு மை வேண்டாம். ஒற்றுப்பிழை அடுத்த வாரத்துக்கு இருக்கட்டும். தாளில் ஒரு வரி நன்றாக இருந்தாலும் அதைக் கரும்பலகையில் எழுதிப் பிள்ளையின் பெயரையும் போடு. குறுந்தொகையில் செம்புலப்பெயனீராரும் அணிலாடு முன்றிலாரும் இருக்கிறார்களே, பெற்றவர்கள் அவர்களுக்கு வைத்த பெயரே நமக்குத் தெரியாது. பாட்டிலிருந்த ஒரே ஒரு தொடர்தான் இத்தனை காலம் அவர்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

தேர்வு என்ன ஆகும் என்கிறாய். காட்சியைக் கண்டு கவினுற எழுதும் வினாவுக்கு எந்தப் படம் வந்தாலும் ஒரே பாட்டை எழுதும்படி பழக்குகிறார்கள் என்று நீயே எழுதியிருந்தாய். படத்தைப் பார்த்து நாலு வரி எழுதத் தெரிந்த பிள்ளைக்கு அந்த ஏற்பாடு எதற்கு? வாரத்துக்கு ஒரு பாடவேளை ஒதுக்கினால் போதும், பாடத்திட்டம் நின்றுவிடாது. இல்லை, பொதுத்தேர்வு முடியும்வரை மாதிரிக் கட்டுரையே கொடுக்கிறேன் என்றால் கொடு, நான் தடுக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பையாவது என் பேச்சுக்கு விடு.

அத்தை அதிகம் பேசிவிட்டேன் என்று நினைக்காதே. சம்பளத்துக்காக மட்டும் நீ இந்த வேலைக்கு வரவில்லை என்று எனக்குத் தெரியும். முதல் வருஷமே இவ்வளவு யோசிக்கிற ஆசிரியை கிடைக்க அந்தப் பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள். உன்னை நினைத்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. நீ எந்த வழியில் போனாலும் அத்தை உன் பக்கம்தான். உங்கம்மாவிடம் பருப்புப்பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு. அரையாண்டு விடுமுறைக்குக் கட்டாயம் இங்கே வா. பிள்ளைகள் எழுதிய தாள்களையும் எடுத்து வா, இருவருமாகப் படிக்கலாம்.

அன்புடன்,
அத்தை