காற்றமுக்கத் தெளிகருவி: பம்பியைக் கழற்றுமுன்

நெல்வயலிலும் மரக்கறித் தோட்டத்திலும் பீடைநாசினி விசிறும் கமக்காரர் மருந்தின் நச்சுத்தன்மையை அறிவர். அம்மருந்தை வெளியே தள்ளும் காற்றின் வலிமையையோ பலர் கருத்திற் கொள்வதில்லை.

கையாற் காற்றடைக்கும் தெளிகருவியில், மருந்துக் கலவைக்கு மேலுள்ள இடத்திற் பம்பியினாற் காற்று நெருக்கப்படுகின்றது. 10 இலீற்றர் கொள்ளும் தாங்கியில் 7 இலீற்றர் அளவே நிரப்புதல் வேண்டும். எஞ்சிய இடம் காற்றுக்குரியது. இத்தகைய கருவிகளில் அமுக்கம் 3 பார் அளவை எட்டுதல் வழக்கம். அந்நிலையில், 5 சதமமீற்றர் விட்டமுள்ள வாயை அடைத்து நிற்கும் பம்பியை உள்ளிருந்து தள்ளும் விசை ஏறக்குறைய 60 கிலோகிராம் பாரத்துக்குச் சமமாகும். ஒரு சாக்கு நெல்லின் பாரமென்றே சொல்லலாம்.

தெளித்துக்கொண்டிருக்கையில் மருந்து வருவது திடீரென நின்றால், காற்றுத் தீர்ந்ததென எண்ணிப் பம்பியைத் திருகிக் கழற்றுவோர் உளர். விபத்து நேர்வது இவ்விடத்திலேதான். பெரும்பாலும் நின்றது காற்றன்று. நொசிலின் துளை தூசியால் அடைபட்டிருக்கும். காற்று முழுவதும் உள்ளேயே இருக்கும். மரை விடுபட்டதும் பம்பி முகத்தை நோக்கிப் பாயும்; கலவையும் உடன் சிதறும்.

ஆகவே, கருவியை முதலில் நிலத்தில் நிமிர்த்தி வைத்தல் வேண்டும். காற்று வெளியேற்றும் வால்வு இருப்பின் அதனை இழுத்துவிடலாம். இல்லாவிடில், முகத்தை விலக்கிக்கொண்டு பம்பியைக் கால்வாசிச் சுற்று மாத்திரம் தளர்த்தி, சீறும் ஓசை முற்றாக அடங்கும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். பொறுமைக்குச் செலவாவது ஓரிரு நிமிடமே. அதன்பின் நொசிலைக் கழற்றி நீரிற் கழுவி, மென்மையான தூரிகையாலோ ஈர்க்காலோ துப்புரவாக்கலாம். வாயால் ஊதுதல் நஞ்சை உட்கொள்ளுதலேயாம்.

சைக்கிள் கடைக் காற்றுப் பம்பியால் தாங்கிக்குக் காற்றடைத்தல் ஒருபோதும் கூடாது. அவ்வகை இயந்திரங்களின் அமுக்கம் 7 பாருக்கு மேலும் இருக்கும். தாங்கி அதனைத் தாங்காது வெடிக்கலாம். அக்காற்றை உடையிலோ உடம்பிலோ பிடித்துத் தூசி தட்டுதலும் தவறு. புண் வழியாகக் காற்று உடலினுட் புகுந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

அமுக்கத்தைக் கூட்டினால் பூச்சி விரைவிற் சாகுமென்பது வீண் நம்பிக்கை. வெளிவரும் மருந்து இருமடங்காக அமுக்கம் நான்கு மடங்காதல் வேண்டும். கூடிய அமுக்கத்தில் துளிகள் மிக நுண்ணியனவாகி, இலையிற் படியாது காற்றோடு அலைந்து, தெளிப்பவரின் மூச்சிலே சேரும்.

காற்றடைத்த கருவியை வெயிலில் வைத்துவிட்டு உணவுக்குச் செல்லலாகாது. சூட்டினால் அமுக்கம் ஏறும். வெடித்த குழாயையும் நைந்த இறப்பர் வாசரையும் கம்பியாற் கட்டிச் சமாளியாது மாற்றிவிடுக.

கண்ணில் மருந்து தெறித்தால், இமைகளைத் திறந்து பிடித்துச் சுத்தமான நீரைக் குறைந்தது 15 நிமிடம் ஊற்றிக் கழுவி, மருந்துப் போத்தலின் சிட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.