வைத்தியர் ஆஸ்லர் கண்ட வாழ்நெறி

முயற்சியைத் தொடங்குதல் எளிது; தொடங்கியதை நாடோறும் நடத்துதல் அரிது; நடுவே அறுந்த முயற்சியை மீண்டும் முடிந்துகொள்ளுதலோ அரிதினும் அரிது. கால அட்டவணை வரைந்து சுவரில் ஒட்டிப் பதினைந்தாம் நாள் அதனைத் தாமே கிழித்தெறிந்த அநுபவம் மாணாக்கருட் பலர்க்கும் உண்டு. இதனை எழுதுவோனும் அதற்கு விலக்கல்லன். பொழுதிற் பெரும்பகுதி தம் வசத்திலிருக்கும் மாணாக்கர் நிலையே இதுவாயின், நள்ளிரவிலும் கதவு தட்டப்பெறும் வைத்தியரின் நிலை யாதாம்? அவர் காலையில் வகுத்த ஒழுங்கை நோயும் மரணமும் மாலைக்குள் குலைத்துவிடும். அங்ஙனம் குலைந்ததை மீட்டுக்கொள்ளும் வழியை எண்ணிப்பார்த்து, தம் வாழ்க்கையிற் செய்துங் காட்டியவர் ஸர் வில்லியம் ஆஸ்லர். அவர் கண்ட நெறியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

ஆஸ்லர் 1849-ஆம் ஆண்டில் கானடா நாட்டில் ஒரு குருவானவரின் மகனாய்ப் பிறந்தார். தாமும் குருத்துவ ஊழியம் பூணக் கருதியிருந்தவர், பின்னர் வைத்தியம் பயிலத் திரும்பினார். 1871-ஆம் ஆண்டுக் கோடையில், மாண்டிரீயல் நகரத்துப் பொது ஆஸ்பத்திரியிற் பயின்றுகொண்டிருந்தபொழுது, இறுதிப் பரீட்சை என்னாகுமோ, அதன்பின் எங்குச் சென்று எவ்வாறு தொழில் நடத்துவதோ என்னுங் கவலை அவரை வாட்டிற்று. அவ்வேளையில் கார்லைல் என்னும் ஆசிரியரது நூலில் ஒரு வாக்கியம் அவர் கண்ணிற் பட்டது. தொலைவில் மங்கலாய்த் தோன்றுவதை நோக்கி நில்லாது, கைக்கெதிரே தெளிவாய்க் கிடப்பதைச் செய்க என்பது அதன் கருத்து. தம் வாழ்நாட் பழக்கத்திற்கு அதுவே வித்தாயிற்றென அவர் பிற்காலத்திற் கூறினார். அடுத்த ஆண்டிற் பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளுள் ஆசிரியரானார். பெரியம்மை நோயாளரைப் பேணும் பகுதியிற் பணியாற்றுகையில் அந்நோய் அவரையும் பற்றிற்று; நலமுற்றெழுந்து விட்ட இடத்திலிருந்தே பணியைத் தொடர்ந்தார். 1889-இல் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியின் தலைமை வைத்தியராயினார். நோயாளரும் மாணாக்கரும் ஓயாது சூழ்ந்த அக்காலத்திலேயே தம் பெருநூலாகிய வைத்திய சாஸ்திரத்தை எழுதி 1892-இல் வெளியிட்டார். 1905-இல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலைக்குப் பேராசிரியராய்ச் சென்றார்.

இத்துணைப் பணிகளை அவர் எவ்வாறு தாங்கினார்? 1913-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் நாள் அமெரிக்காவிலுள்ள யேல் சர்வகலாசாலை மாணாக்கர்க்கு ஆற்றிய உரையில் அதன் மருமத்தை ஓர் உவமையால் விளக்கினார். பெருங்கப்பலின் அடிப்பகுதி நீர் புகாத பல அறைகளாய்ப் பகுக்கப்பட்டிருக்கும். தலைவன் மேல்தட்டில் நின்று ஒரு விசையை இயக்கிய மாத்திரத்தில் அறைக் கதவுகள் அடைபடும்; ஓரறையில் நீர் புகினும் மற்றவை காக்கப்படும். அங்ஙனமே மனிதனும், இறந்துபோன நேற்றைக்கும் பிறவாத நாளைக்கும் இருபுறத்துங் கதவடைத்து, இன்றைய நாளாகிய அறையில் வாழப் பழகுக என்றார். அன்றன்றைய அப்பத்தை மட்டுமே வேண்டும்படி கற்பிக்கப்பெற்ற நமக்கு இது புதியதோர் உபதேசமன்று. நாம் நாவினாற் சொல்லி வருவதை அவர் தொழிலிற் காட்டினார்.

இவ்விடத்து ஓர் ஐயம் எழும். அவ்வுரைக்குச் சரியாக ஓராண்டிற்கு முன்னர், 1912-ஆம் ஆண்டு ஏப்ரலில், டைட்டானிக் என்னும் பெருங்கப்பல் அத்தகைய அறைகளை உடையதாயிருந்தும் கடலில் ஆழ்ந்ததன்றோ? ஆம். அதன் தடுப்புச் சுவர்கள் போதிய உயரம் பெறாமையால், நீர் ஓரறையினின்று அடுத்த அறைக்கு வழிந்தது. ஆதலின் கதவு மட்டும் போதாது, சுவரும் உயரவேண்டும். அச்சுவர் பழக்கம் என்பதே. துன்பம் வந்த நாளில் அதனை எழுப்ப இயலாது. அமைதியான நாட்களிற் கல்லின்மேற் கல்லாய் அடுக்கி வைத்தல் வேண்டும்.

பிறிதோர் ஐயமும் உண்டு. நேற்றைக்குக் கதவடைப்பின், நேற்றுச் செய்த பிழையை மறந்து மனந்திரும்புதலையும் இழப்போமன்றோ? இதற்கு ஆஸ்லர் 1905-ஆம் ஆண்டு மாணாக்கர்க்குக் கூறிய அறிவுரை விடையாகும். வைத்தியர் தாம் கண்ட நோயாளரின் குறிப்புகளைத் தெளிந்தவை, ஐயத்திற்குரியவை, பிழைத்தவை என மூவகையாகத் தொடக்கமுதலே பகுத்து எழுதிவருக என்றார். பிழையை மறைத்தலும் தவறு. அதனையே நினைந்து நைதலும் தவறு. பிழை நெஞ்சிற் கிடப்பின் சுமை. ஏட்டில் ஏறின் ஆசான். எழுதியபின் ஏட்டை மூடிவிட்டு அடுத்த நோயாளரிடம் செல்லலாம். நேற்றைய தவற்றினால் நடுங்குங் கை இன்றைய நோயாளிக்கு உதவாது.

அவர் பழக்கத்திற் கருதத்தக்க மற்றொன்று அளவின் சிறுமை. உறங்குமுன் அரைமணி நேரம் நல்ல நூல்களைப் படிக்கும்படி மாணாக்கர்க்கு அவர் கூறி, படுக்கையருகே வைத்தற்குரியனவாகப் பத்து வகை நூல்களையும் குறித்தார். அவற்றுள் முதலாவது வேதாகமம். அரைமணி என்பது சிறிதே. ஆயினும் சிறிதாயிருத்தலே அதன் வலிமை. ஒரு வாரம் தவறிய மாணாக்கன் இழந்த மணிகளையெல்லாம் ஒரே இரவில் ஈடுசெய்யப் புகுவானாயின், மறுநாளும் இழப்பான். இழந்ததை இழந்ததாகவே விட்டு, இன்றைய அரைமணியை இன்றே செலுத்துவானாயின் அறுந்த நூல் முடியப்பட்டதாம்.

இந்நெறிக்குக் கடுஞ்சோதனை 1917-இல் வந்தது. ஆகஸ்டு மாத இறுதியில், பெல்ஜியத்துப் போர்க்களத்தில், அவர்தம் மகன் ரெவெரே இருபத்தொரு வயதிற் காயமுற்று உயிர் நீத்தான். வளர்ந்து வந்த பிள்ளை அவன் ஒருவனே. அத்துயரத்தை ஆஸ்லர் மறந்தாரல்லர்; மறக்க முயன்றாரென்றுங் கூறுதற்கில்லை. கதவிடுக்கில் நீர் கசிந்துகொண்டே இருந்தது. எனினும் நோயாளரைக் காணுதலையும், தம் நூல்களுக்கு விரிவான அட்டவணை வகுத்தலையும் கைவிட்டாரல்லர். 1919-ஆம் ஆண்டு மே மாதத்தில், பண்டை இலக்கியமும் புதிய விஞ்ஞானமும் ஒன்றையொன்று தழுவவேண்டுமென்பதைப் பற்றி அறிஞர் அவையிற் பேருரை ஆற்றினார். அவ்வாண்டு டிசம்பர் 29-ஆம் நாள் காலமாகியபொழுது அட்டவணை முற்றுப்பெறவில்லை. அவர் பகுத்து வைத்த ஒழுங்கைப் பின்பற்றிப் பிறர் முடிக்க, அது 1929-இல் அச்சேறிற்று. ஏறக்குறைய 7,600 நூல்கள் அவர் பயின்ற மக்கில் சர்வகலாசாலையைச் சேர்ந்து இன்றும் கற்பார்க்குப் பயன்படுகின்றன.

இடுக்கணழியாமை என ஓர் அதிகாரமே வகுத்தார் திருவள்ளுவர். இடுக்கண் வாராதென்பது அவர் கொள்கையன்று. வந்தவிடத்து அழியாமையே வேண்டப்படுவது. ஆஸ்லரின் வாழ்வும் அதற்கோர் உரையாகும். நண்பர்காள்! கிழித்தெறிந்த அட்டவணையை எண்ணி வருந்தற்க. முழு ஆண்டுக்குமாகப் புதியதொன்றை வரையவும் வேண்டா. இன்றிரவு விளக்கணைக்குமுன் அரைமணி நேரம் எஞ்சியிருக்கின்றது; அதனைத் திறந்த நூலின்முன் செலவிடுவோமாக. நாளைக்கு வேண்டுவதை நாளையைப் படைப்பவர் அருளுவார்.