மலைச்சாலையும் வினையூக்கியும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறி, பூப்பாறை வழியாகச் சின்னக்கானல் செல்லும் மலைச்சாலையை நம் சங்கத்து மாணவர் பலர் அறிவர். தேனிப் பக்கத்தில் பிறந்தவர்க்கும், பெற்றோர் இடுக்கி மாவட்டத் தேயிலை, ஏலத் தோட்டங்களில் உழைக்க இங்கு வந்து பயில்வோர்க்கும் அது சொந்த ஊர்ச் சாலை. கீழே வெயில், மேலே குளிர், இடையே பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். விடியுமுன் ஏலத்தோட்டத் தொழிலாளரை நெருக்கி ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறும். பின்னர் சுற்றுலாக் கார்களும் சரக்கு லாரிகளும் வரும். ஏற்றத்தில் திணறும் பழைய வண்டிக்குப் பின்னால் அகப்பட்டுக்கொண்டவர்க்குப் புகையைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அப்புகையை அடக்கும் கருவியொன்று அதே சாலையில் ஓடும் கார்கள் பலவற்றின் அடியில் இருக்கிறது. வினையூக்கிப் பெட்டி என்று அதை அழைப்போம். கடைத்தெரு மெக்கானிக் அதைக் கன்வெர்ட்டர் என்பார். அது எவ்வாறு வேலை செய்கிறது என்பது ஒரு கேள்வி. எப்போது வேலை செய்யாது என்பது மற்றொரு கேள்வி. பாடநூல்கள் முதற்கேள்வியோடு நின்றுவிடுகின்றன. நம் நாட்டு வரலாற்றைப் பார்த்தால் இரண்டாவதே பெரிய கேள்வியாக எனக்குத் தோன்றுகிறது.

பெட்ரோல், கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள். முற்றும் எரிந்தால் கரியமிலவாயுவும் நீராவியும் மட்டுமே மிஞ்ச வேண்டும். ஆனால் எஞ்சினின் உருளைக்குள் எரிவதற்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த அவசரத்தில் மூன்று வகைக் கேடுகள் விளைகின்றன. பாதி எரிந்த கார்பன், கார்பன் மோனாக்சைடு ஆகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான பற்றுடன் பிடித்துக்கொள்ளும். எரியாமல் தப்பிய ஹைட்ரோகார்பன்கள் இரண்டாவது. மூன்றாவது, எரிபொருளிலிருந்து வருவதே அன்று. உருளையின் கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் இணைந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் பிறக்கின்றன.

இங்கே ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். முதலிரண்டையும் தீங்கற்றவையாக்க ஆக்சிஜனைக் கொடுக்க வேண்டும். மூன்றாவதிலிருந்தோ ஆக்சிஜனைப் பறிக்க வேண்டும். ஒரே பெட்டியில் இரண்டும் நடக்க வேண்டும்!

வினையூக்கி என்பது வேதிவினையை விரைவுபடுத்திவிட்டுத் தான் செலவாகாமல் நிற்கும் பொருள். போடி ஏலச் சந்தையில் விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைத்துவிட்டு விலகிக்கொள்ளும் தரகரை இதற்கு ஒப்பிடலாம்; கமிஷன் கேட்பதில்லை என்பது ஒன்றே வேறுபாடு. 1817-இல் ஹம்ப்ரி டேவி, சூடான பிளாட்டினக் கம்பியின் மேல் நிலக்கரி வாயுவும் காற்றும் சுடரின்றியே இணைவதையும், கம்பி செந்நிறமாய் ஒளிர்வதையும் கண்டார். 1823-இல் டோபரைனர் பிளாட்டினத் துகளின் மேல் ஹைட்ரஜனைப் பாய்ச்சித் தீக்குச்சியில்லாமல் விளக்கேற்றினார். இந்நிகழ்ச்சிகளுக்கெல்லாம் பொதுப் பெயர் சூட்டியவர் சுவீடன் நாட்டுப் பெர்சீலியஸ், ஆண்டு 1835. பிளாட்டினத்தின் பரப்பில் கார்பன் மோனாக்சைடு ஒட்டிக்கொள்வதையும், ஆக்சிஜன் மூலக்கூறு இரண்டு அணுக்களாகப் பிளவுண்டு அதன் பக்கத்தில் அமர்வதையும் படிப்படியாக விளக்கிய ஜெர்மானியர் கெர்ஹார்ட் எர்ட்டல் 2007-இல் நோபல் பரிசு பெற்றார். டேவி கண்டதற்கு முழு விளக்கம் கிடைக்க ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின.

வினையூக்கி வேலை செய்யும் இடம் அதன் பரப்பு என்பதை மனத்தில் கொள்க. அப்பரப்பில் வேறொரு பொருள் வந்து குடியேறிவிட்டால் வேலை நின்றுபோகும். இதனை 'நஞ்சேறுதல்' என்பர். தொழிற்சாலைகள் இந்தப் பாடத்தை முன்னமே கற்றன. கந்தக டை ஆக்சைடைப் பிளாட்டினத்தின் மேல் செலுத்திக் கந்தக அமிலம் ஆக்கும் முறைக்கு 1831-இலேயே பெரிக்ரின் பிலிப்ஸ் என்ற ஆங்கிலேயக் காடி வணிகர் காப்புரிமை பெற்றார். ஆனால் தாதுவோடு வந்த ஆர்சனிக் பிளாட்டினத்தைக் கெடுத்தது. பின்னர் எளிதில் நஞ்சேறாத வனேடியம் பென்டாக்சைடு அவ்விடத்தைப் பிடித்தது. வாயுவை இருமுறை உறிஞ்சவிட்டு மறுபடியும் வினையூக்கியின் மேல் செலுத்தும் முறை வந்தபின், நூற்றுக்கு 99.5 பங்குக்கு மேல் கந்தக டை ஆக்சைடு அமிலமாகிவிடுகிறது. புகைபோக்கி வழியே வீணாகி ஊரை இருமவைக்கும் வாயு, விற்பனைச் சரக்காகிறது. ஆலை முதலாளிக்கு இதில் ஆதாயம் உண்டு. ஆகவே யாரும் அவரை அதிகம் வற்புறுத்த வேண்டியிருப்பதில்லை. வண்டிக்காரருக்கு அத்தகைய ஆதாயம் ஏதுமில்லை. வேறுபாடு அங்கேதான் தொடங்குகிறது.

வண்டியின் பெட்டிக்குள் தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி ஒன்று உள்ளது. அதன் முகப்பில் சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 400 நுண்துளைகள். துளைச் சுவர்களில் அலுமினாப் பூச்சு. ஒரு கிராம் அலுமினாவுக்கு நூறு சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்பு உண்டு. அதன்மேல் பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் ஆகியவை தூவப்பட்டிருக்கும். எல்லாம் சேர்ந்து சில கிராம்களே. முதலிரண்டும் ஆக்சிஜனைக் கொடுக்கும் வேலையையும், ரோடியம் பறிக்கும் வேலையையும் சிறப்பாகச் செய்கின்றன.

பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய யூஜின் ஹூட்ரி 1950-களிலேயே இத்தகைய பெட்டியை அமைத்தார். ஆனால் அது கார்களில் ஏறவில்லை. காரணம் ஈயம். எஞ்சின் தட்டாமல் ஓடுவதற்காக 1920-களிலிருந்து பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்துவந்தனர். அந்த ஈயம் பிளாட்டினத்தின் மேல் படிந்து அதைப் பயனற்றதாக்கிவிடும். 1970-ஆம் ஆண்டின் சட்டம் நெருக்கிய பிறகே, 1975 முதல் அமெரிக்கக் கார்களில் பெட்டி பரவலாகப் பொருத்தப்பட்டது; ஈயமற்ற பெட்ரோலும் உடன் வந்தது.

நம் நாட்டில் 1995 ஏப்ரல் 1 முதல் டில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு இப்பெட்டி கட்டாயமாயிற்று. வழக்கறிஞர் எம். சி. மேத்தா 1985-இல் தொடுத்த வழக்கின் வழியே உச்சநீதிமன்றம் காட்டிய கண்டிப்பும் இத்தகைய மாற்றங்களுக்கு ஒரு காரணம். ஆனால் கார் என்ன, சென்னையிலேயே நிற்கும் பொருளா? பெருநகரங்களுக்கு வெளியே பெரும்பாலும் ஈயப் பெட்ரோலே கிடைத்த காலம் அது. சென்னையில் வாங்கிய புதுக்கார் மலைநாட்டுக்கு வந்து வழியில் கிடைத்ததை நிரப்பிக்கொண்டால், விலையுயர்ந்த பெட்டி வெறும் இரும்புக் கூடாகிவிடும். 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் வந்தது. அன்றுதான் இப்பெட்டி மூணாறுச் சாலைக்கும் உரியதாயிற்று என்பேன்.

ஈயத்தை அடுத்துக் கந்தகம். பாரத் மூன்றாம் நிலை டீசலில் பத்து லட்சத்தில் 350 பங்கு கந்தகம் இருக்கலாம். நான்காம் நிலையில் அது 50 ஆகக் குறைந்தது. நாடு முழுவதற்கும் அது 2017-இல் வந்தது. ஐந்தாம் நிலையைத் தாண்டி, 2020 ஏப்ரல் 1 முதல் ஆறாம் நிலை. கந்தகம் 10 பங்கே. வண்டிச் சட்டம் ஒவ்வொரு முறையும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் வாசலில் காத்து நிற்க வேண்டியிருந்தது.

எரிபொருள் தூய்மையானாலும் பெட்டிக்கு இன்னும் இரண்டு தேவைகள் உண்டு. ஒன்று வெப்பம்: ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியஸ் வரை சூடேறினால்தான் அது விழித்தெழும். சின்னக்கானல் குளிரில் இரவெல்லாம் நின்ற காரைக் காலையில் கிளப்பிச் சூரியநெல்லிக் கடைவரை போய்த் திரும்பினால், பெட்டி பெரும்பாலும் தூங்கிக்கொண்டே பயணம் செய்திருக்கும். மற்றொன்று காற்றின் அளவு. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று; இந்த அளவில்தான் கொடுத்தலும் பறித்தலும் ஒருங்கே நடக்கும். கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்கு இது தெரியாது. சமவெளியின் கணக்கிலேயே பெட்ரோலை ஊற்றி, கார்பன் மோனாக்சைடைக் கக்கும். இக்காலக் கார்களில் புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் உணர்கருவி நொடிக்கு நொடி அளந்து, எரிபொருளைத் திருத்திக்கொள்கிறது. உணர்கருவி பழுதானால் பெட்டியும் வீண். மைலேஜ் கூடும் என்று நம்பிப் பெட்டியையே கழற்றி எறிவோரும் உண்டு. அவர்கள் பின்னால் வருவோரைப் பற்றி எண்ணுவதில்லை.

டீசல் வண்டியின் கதை வேறு. டீசல் எஞ்சின் எப்போதும் தேவைக்கு மேற்பட்ட காற்றில் எரிவது. ஆகவே கார்பன் மோனாக்சைடு குறைவு. ஆனால் புகையில் ஆக்சிஜன் மிகுந்திருப்பதால் நைட்ரஜன் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பறிக்க ரோடியத்தால் இயலாது. அதற்காகப் புதிய லாரிகளில் 32.5 விழுக்காடு யூரியாக் கரைசலைத் தனித் தொட்டியில் வைத்துப் புகைக்குழாயில் தெளிக்கின்றனர். வெப்பத்தில் யூரியா அம்மோனியாவாகிறது. வினையூக்கியின் மேல் அம்மோனியாவும் நைட்ரஜன் ஆக்சைடும் கூடி நைட்ரஜனும் நீரும் ஆகின்றன. தேயிலைக்கு இடும் யூரியாவும் இதுவும் ஒரே சேர்மம்தான். அதற்காக உரமூட்டையைக் கரைத்து ஊற்றலாகாது. உரத்திலுள்ள மாசுகள் தெளிப்பானை அடைத்து வினையூக்கியைக் கெடுத்துவிடும். கரிய புகைத்துகளைப் பிடிக்கத் தனி வடிகட்டியும் வேண்டும்.

தோட்டத் தொழிலாளர் ஏறிச்செல்லும் பழைய ஜீப்புகளில் இவை எவையும் இல்லை. 2020-க்குப் பின் அவற்றுக்கும் தூய டீசலே கிடைக்கிறது. தடையாயிருந்த கந்தகம் நீங்கிவிட்டது. ஆக்சிஜன் ஏற்றும் எளிய வினையூக்கியொன்றைப் பழைய வண்டியிலும் பொருத்த முடியும். ஆனால் அதைப் பொருத்தும் செலவைத் தினக்கூலிக்கு ஆளேற்றும் ஜீப்புக்காரரின் தலையில் கட்டினால் அது நடக்காது. அரசோ தோட்ட முதலாளிகளோ பங்கேற்க வேண்டும். புகைச் சோதனையையும் திருத்தியாக வேண்டும். இப்போது டீசல் வண்டியை நிறுத்திவைத்து முடுக்கிப் புகையின் கருமையை மட்டுமே அளக்கின்றனர். நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. யூரியா அமைப்புப் பழுதுற்ற லாரிகூட அச்சோதனையில் தேறிச் சான்றிதழ் பெற்றுக்கொண்டு மலையேறலாம்.