பெட்டியைப் படியுங்கள்

அம்பாசடர் கார் தயாரிப்பு 2014இல் நின்றது. பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன.

ஹைதராபாத்தில் ஓர் ஓட்டுநர். அவர் பிழைப்பே பழைய அம்பாசடர்தான். பள்ளத்தில் இறங்கினால் வண்டி தூக்கிப் போட்டது. மெக்கானிக் பார்த்தார். பின்பக்க ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்தது.

"ஒன்றை மட்டும் மாற்றலாமா, அண்ணே?"

"வேண்டாம் தம்பி. இரு பக்கமும் மாற்று. இல்லாவிட்டால் திருப்பத்தில் வண்டி தடுமாறும். ஸ்பிரிங் பட்டையில் விரிசல் உண்டா, ரப்பர் புஷ் தேய்ந்ததா என்றும் பார்ப்போம்."

செகந்திராபாத் ராணிகஞ்சில் ஒரு கடை. இரண்டு பெட்டிகள். ஒன்று விலை மலிவு. அதில் பாக எண் இல்லை. ஓட்டுநர் எழுத்துக் கூட்டிப் படித்தார். பழைய பாகத்தின் எண்ணோடு பொருந்தியதையே வாங்கினார். ரசீதும் கேட்டு வாங்கினார்.

விடை கூறுங்கள்: மலிவுப் பெட்டியை அவர் ஏன் வாங்கவில்லை?