கட்டியங்காரன் வார்டுக்குள் போகுமுன்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. குழந்தைகள் வார்டில் கோமாளியாக வேலை செய்ய ஆசை என்று எழுதியிருக்கிறாய். கூடவே, கொஞ்சம் கோபத்தோடு ஒரு கேள்வி: தெருக்கூத்தில் விடிய விடியக் கட்டியங்காரன் வேஷம் கட்டி ஊரையே சிரிக்க வைத்தவனுக்கு இன்னும் என்ன பயிற்சி? நியாயமான கேள்விதான். சிரிக்க வைப்பதற்கு உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் கற்றுக்கொள்ள வேண்டியது வேறு.

கூத்தில் இரண்டு பேர் திரையைப் பிடித்து நிற்க, அதற்குப் பின்னால் ராஜா பாடிக்கொண்டிருப்பான். நீ முன்னால் நின்று, யார், எந்த ஊர், என்ன வரலாறு என்று குடைந்து எடுப்பாய். வார்டில் இது அப்படியே தலைகீழ். திரைக்கு உள்ளே இருப்பது எட்டு வயதுப் பிள்ளை. நீ யார், எதற்கு வந்தாய் என்று அது கேட்கும். நீதான் பதில் சொல்ல வேண்டும். அது சரி என்றால்தான் திரை விலகும். நம் அரசு ஆஸ்பத்திரிகளில் பல வார்டுகளில் கட்டிலுக்குக் கட்டில் திரையே கிடையாது; அங்கே இல்லாத திரையை நீயே மனதில் கட்டிக்கொள்ள வேண்டும்.

அந்தப் பிள்ளையால் ஊசி வேண்டாம் என்று சொல்ல முடியாது. மாத்திரை, டிரிப்ஸ், ஸ்கேன் எதையும் மறுக்க முடியாது. காலையிலிருந்து ராத்திரி வரை அது மறுக்கக்கூடிய ஒரே ஆள் நீதான். 'போ' என்றால் போக வேண்டும். போவதையே ஒரு கூத்தாக்கலாம்: கதவு எது என்று தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டு, துரத்தப்பட்டவனாக, தோற்றுப்போனவனாகப் போகலாம். உன்னை விரட்டிவிட்ட பெருமை அதற்கு மிஞ்சும். கைதட்டல் வாங்கிப் பழகிய உடம்புக்கு இது லேசில் வராது. பயிற்சி என்று நான் சொல்வதில் பெரும்பங்கு இதுதான்.

இந்த வேலையை ஒரு தொழிலாக ஒழுங்குபடுத்தியவர்களில் முக்கியமானவர் மைக்கேல் கிறிஸ்டென்சன். பிக் ஆப்பிள் சர்க்கஸ் என்ற கம்பெனியைத் தொடங்கிய இருவரில் ஒருவர். 1986-ல் நியூயார்க்கில் கோமாளிகளைக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குள் முறையாகக் கொண்டுபோனார். அவரிடம் வேலை பார்த்த கரோலின் சைமண்ட்ஸ் 1991-ல் பிரான்ஸில் 'ல ரீர் மெத்சான்' அமைப்பைத் தொடங்கினார். அங்கே கோமாளிகள் சம்பளம் வாங்கும் தொழில்முறைக் கலைஞர்கள். இரண்டு பேராகவே போவார்கள். வேஷத்தோடு வார்டுக்குள் நுழையுமுன் செவிலியரிடம் ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் கேட்டுக்கொள்வார்கள்.

இரண்டு பேர் எதற்கு? தனியாகப் போனால் உனக்கு ஜோடி அந்தக் குழந்தைதான். அது பதில் சொல்லியாக வேண்டும், சிரித்தாக வேண்டும். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் தலையில் அது ஒரு சுமை. இரண்டு கோமாளிகள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டால், பார்ப்பதா, சேர்ந்துகொள்வதா, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பதா என்பது பிள்ளையின் இஷ்டம்.

செவிலியரிடம் கேட்பதுதான் உன் ஒத்திகை. சிஸ்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டியபடி, உன் முகத்தைக்கூடப் பார்க்காமல் நாலு வரி சொல்லுவார். நாலாம் பெட்டுக்கு ஆபரேஷன், ராத்திரியிலிருந்து வெறும் வயிறு: அங்கே இட்லி ஜோக் கிடையாது. ஏழாம் பெட்டுக்கு வயிற்றில் தையல்: சிரித்தால் சுண்டி இழுக்கும், ஆகவே உன் கெட்டிக்காரத்தனத்தை அடக்கி வாசி. ஒன்பதாம் பெட்டில் வெள்ளை அணுக்கள் குறைவு: மாஸ்க் போட்டுக்கொள், தொடாதே, வாசலோடு நில். பதினொன்றில் குழந்தை நன்றாக விளையாடுகிறது, ஆனால் காலையில்தான் அம்மாவிடம் ரிசல்ட்டைச் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கடைசித் தகவலை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்? எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை. ஆனால் தெரியாமல் போய் நிற்பதும் தெரிந்து போய் நிற்பதும் ஒன்றல்ல. கேட்டதை வெளியே சொல்லாதே, வீட்டில்கூட.

இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரில் 40 குழந்தைகளை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2005-ல் வெளிவந்தது. ஆபரேஷனுக்கு முன் பாதிப் பிள்ளைகளோடு கோமாளிகள் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பதற்றம் தெளிவாகக் குறைந்திருந்தது. இதை மட்டும் எடுத்து மேடைக்கு மேடை பேசுவார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. குழந்தைகளுக்கு நல்லதுதான் என்று ஒத்துக்கொண்ட மருத்துவ ஊழியர்களில் பெரும்பாலோர், திட்டம் தொடர வேண்டாம் என்றார்கள். ஆபரேஷன் தியேட்டர் வேலைக்கு இடைஞ்சலாக இருந்ததாம். எனக்கு முதல் முடிவைவிட இந்த இரண்டாவதுதான் முக்கியம். கலை பலன் தருமா என்ற கேள்விக்கு உலக சுகாதார நிறுவனம் 2019-ல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து ஓர் அறிக்கையே போட்டுவிட்டது. ஸ்ட்ரெச்சர் வரும்போது எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பதை அந்த அறிக்கை உனக்குச் சொல்லித்தராது.

உன் சாமான்களுக்கு வருகிறேன். மிருதங்கத்தை வீட்டில் வை. தொப்பியில் ரவை அப்பிச் சுருதி சேர்க்கிற கருவி, தோலும் வாரும் வேறு. எதைக் கொண்டு கிருமி போகத் துடைப்பாய்? முகவீணை வாயில் வைப்பது, அதுவும் வேண்டாம். தாளத்தை எடுத்துக்கொள், உலோகம், ஒவ்வொரு பெட்டுக்கும் நடுவில் துடைக்கலாம். சலங்கைக்கு அனுமதி இல்லை. ரப்பர் பலூனும் வேண்டாம், சிலருக்கு லேட்டெக்ஸ் ஒவ்வாது. மணிக்கட்டில் கட்டியிருக்கும் கோயில் கயிறும் கழற்ற வேண்டியதுதான். அதன் அடியில் சோப்பு போகாது. அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். அரிதாரம் அடியோடு வேண்டாம். முகம் முழுக்கப் பூசினால் சின்னப் பிள்ளைகள் அலறும். மூக்கில் ஒரு சிவப்பு உருண்டை போதும், அதைக்கூடக் கழற்றி உள்ளே யார் என்று காட்ட வேண்டியிருக்கும்.

உன்னை யாராவது 'தெரபிஸ்ட்' என்று அழைத்தால் அங்கேயே திருத்து. அது வேறு படிப்பு, வேறு பொறுப்பு. பிரிட்டனில் பதிவு பெறாதவர் ஓவியம், இசை, நாடகம் வழிச் சிகிச்சையாளர் என்ற பட்டத்தைப் போட்டுக்கொள்வது சட்டப்படி குற்றம். இங்கே வார இறுதிப் பயிலரங்கு முடித்தவரும் விசிட்டிங் கார்டு அடித்துவிடுகிறார்.

மூக்கு வைத்தவனிடம் பிள்ளைகள் பெரியவர்களிடம் சொல்லாததைச் சொல்லும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்துவிடாதே. பாலியல் கொடுமை பற்றி ஒரு குழந்தை சொல்லித் தெரிந்த பின் அதைத் தெரிவிக்காமல் இருப்பது 2012-ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டப்படி குற்றம். அது உனக்கும் பொருந்தும். துருவித் துருவிக் கேட்காதே. கேட்டதை அப்படியே அன்றைக்கே பொறுப்பு மருத்துவரிடம் சொல். உன் பொறுப்பு அதோடு தீர்ந்துவிடாது. போலீஸுக்கோ குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ தகவல் போனதா என்பதையும் கேட்டு உறுதி செய்துகொள்.

பணம். சேவைதானே என்பார்கள். பிசியோதெரபி பார்ப்பவரிடம் அப்படிச் சொல்வார்களா என்று சிரித்த முகத்தோடு கேள். நன்கொடையாளர் வருகிறார், மொட்டைத் தலைப் பிள்ளையோடு ஒரு போட்டோ என்பார்கள். அதற்குச் சிரிக்க வேண்டியதில்லை.

பயிற்சி இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பாடத்திட்டத்தின் தடிமனைப் பார்க்காதே. சொல்லிக்கொடுப்பவர்களில் ஒரு செவிலியராவது இருக்கிறாரா, மூத்தவர் ஒருவரோடு வார்டில் பல வாரம் வெறுமனே நின்று பார்க்க விடுகிறார்களா என்று பார். வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து பேச ஓர் ஆளும் நேரமும் உண்டா என்றும் கேள். போன வாரம் உன்னைத் துரத்திய பிள்ளையின் கட்டிலில் இந்த வாரம் வேறு பிள்ளை இருக்கும். பழைய பிள்ளை சில சமயம் வீட்டுக்குப் போயிருக்கும், சில சமயம் இல்லை. கூத்து ஜமாவில் இதையெல்லாம் டீக்கடையில் கரைத்துவிடுவோம். இங்கே டீக்கடை போதாது.

சேருமுன் ஒரு வேலை. சின்ன வயதில் உனக்கு அம்மை போட்டிருக்கிறதா என்று அம்மாவிடம் கேள். சின்னம்மை கண்டிராதவன் புற்றுநோய் வார்டுக்குள் கிருமியைக் கொண்டுபோனால் அந்தப் பிள்ளைகள் தாங்காது. வரவில்லை என்றால் தடுப்பூசி உண்டு. இரண்டு தவணை, நடுவில் குறைந்தது நான்கு வாரம் விட வேண்டும். மஞ்சள் காமாலை பி வகைக்கு மூன்று தவணை, முடிய ஆறு மாதம் ஆகும். ஆடி மாதக் கூத்துகள் முடியட்டும் என்று தள்ளிப்போடாதே, இந்த வாரமே முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா