பயிற்றுநரின் காயம்: கணக்கில் வராத உழைப்பு

நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைநிறுத்தமின்றி ஒன்றன்பின் ஒன்றாக முடிக்க வேண்டிய போட்டி டிரையத்லான். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்ற இப்போட்டியின் அளவு 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. மிதிவண்டி, 10 கி.மீ. ஓட்டம். 'அயர்ன்மேன்' எனப்படும் நெடும்போட்டியிலோ 3.8 கி.மீ. நீந்தி, 180 கி.மீ. மிதிவண்டி ஓட்டி, அதன்பின் 42.2 கி.மீ. ஓட வேண்டும்.

இப்போட்டியில் இறங்குவோருள் பெரும்பாலோர் முழுநேர விளையாட்டு வீரர்கள் அல்லர். அலுவலகம் செல்வோர், வணிகர், உடற்கல்வி ஆசிரியர், நீச்சல் அல்லது ஓட்டப் பயிற்றுநர் எனப் பல தொழிலினர் இவர்களுள் உண்டு. இவர்களில் பயிற்றுநர்களின் நிலை தனித்தன்மை உடையது. காலையும் மாலையும் பிறருக்குப் பயிற்சி அளிக்க வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் தம் போட்டிக்கும் பயில வேண்டும். காயம் ஏற்பட்டுவிட்டால், குணமாதல் என்ற மூன்றாவது வேலையும் அதே உடலின்மேல் வந்து சேர்கிறது.

புறநோயாளிப் பிரிவில் இத்தகையோர் கேட்கும் முதற்கேள்வி, "டாக்டர், எப்போது மறுபடியும் ஓடலாம்?" என்பதே. அதற்கு இணையான மற்றொரு கேள்வி உண்டு: "அதுவரை என் வேலையை எப்படிச் செய்வது?" இதைக் கேட்போர் குறைவு. ஆறவேண்டிய காலத்தில் காயம் ஆறாமல் நீடிப்பதற்கு இந்த இரண்டாவது கேள்வி கேட்கப்படாமையும் ஒரு முக்கியக் காரணம். இப்பாடம் அதைப் பற்றியதே.

உடலுக்கு ஒரே கணக்குதான்

எலும்பும் தசையும் தசைநாணும் உழைப்பினால் நுண்ணிய அளவில் சிதைந்து, ஓய்வில் தம்மைச் செப்பனிட்டுக்கொள்கின்றன. சிதைவும் செப்பனிடுதலும் சமநிலையில் இருந்தால் உடல் வலுப்பெறும். சிதைவு மிகுந்தால் காயம் தோன்றும். டிரையத்லான் வீரர்களுக்கு ஏற்படும் காயங்களில் பெரும்பகுதி கீழே விழுந்து வருபவை அல்ல. இவ்வாறு மெல்ல மெல்லச் சேர்ந்து வருபவை. அவற்றுள்ளும் ஓட்டத்தால் வருபவையே மிகுதி.

இந்தக் கணக்கில் எது போட்டிக்கான பயிற்சி, எது பிழைப்புக்கான உழைப்பு என்று உடல் பிரித்துப் பார்ப்பதில்லை. நம் காஞ்சிபுரம் பகுதியில் இதற்கு எளிய எடுத்துக்காட்டு உண்டு. குழித்தறியில் அமர்ந்து நாள் முழுதும் மிதிகட்டையை மிதிக்கும் நெசவாளர் ஒருவருக்கு முழங்கால் வலி வருகிறது என்று கொள்வோம். "மாலை நடையை நிறுத்திவிட்டேன், இருந்தும் வலி போகவில்லையே" என்பார். தறியில் மிதித்த மணிநேரங்கள் அவர் நினைவுக்கு வருவதில்லை; ஏனெனில் அது அவருக்கு உடற்பயிற்சி அன்று, தொழில். பயிற்றுநரும் அவ்வாறே. "இரண்டு வாரமாக ஓடவே இல்லை" என்பார். ஆனால் நாள்தோறும் மூன்று மணிநேரம் மைதானத்தில் நின்றும், மாணவருடன் சிறிது தூரம் ஓடியும், துள்ளிக் காட்டியும் இருப்பார்.

எழுதிப் பார்க்கும் முறை

விளையாட்டு மருத்துவத்தில் எளிய முறை ஒன்று கையாளப்படுகிறது. ஒரு வேலை முடிந்ததும் அது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதற்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் இட வேண்டும். 0 என்பது முழு ஓய்வு. 10 என்பது இயன்றதன் உச்சம். அம்மதிப்பெண்ணை அவ்வேலை நீடித்த நிமிடங்களால் பெருக்கினால் கிடைப்பதே அன்றைய சுமை.

காயமுற்ற பயிற்றுநர் ஒருவரின் வாரத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். ஓட்டத்தை நிறுத்திவிட்டார். 45 நிமிட நீச்சல் வாரம் 3 முறை, கடினம் 4: சுமை 540. ஒரு மணிநேர மிதிவண்டி 3 முறை, கடினம் 4: சுமை 720. அரை மணிநேர வலுப்பயிற்சி 2 முறை, கடினம் 4: சுமை 240. மொத்தம் 1,500. இனி அவர் தொழிலைப் பாருங்கள். நாளொன்றுக்கு 3 மணிநேரம், வாரம் 6 நாள், கடினம் 3 என்றே வைத்தாலும் சுமை 3,240. 'ஓய்வில் இருக்கிறேன்' என்று அவர் நம்பும் வாரத்தில் தொழிலின் சுமை பயிற்சியின் சுமையைப்போல் இரு மடங்குக்கும் மேல்.

இவ்வெண் உடல் முழுவதற்குமான சுமையையே காட்டும். காயமுற்ற ஓர் எலும்பின்மீது விழும் சுமையைத் தனியே காட்டாது. ஆகவே காலில் காயமுற்றவர்கள் நின்ற நேரம், நடந்த நேரம், ஓடிய நேரம் ஆகியவற்றையும் தனித்தனியே எழுதுவது நலம். ஒரு சிறு குறிப்பேடு போதும்.

எந்தத் திசுவுக்கு எவ்வளவு காலம்

லேசான தசைப்பிடிப்பு சில நாள்களிலிருந்து சில வாரங்களில் ஆறும். முழந்தாள் எலும்பின் உட்புற விளிம்பில் வரும் அழுத்த முறிவு பெரும்பாலும் 6 முதல் 8 வாரங்கள் கேட்கும். மெதுவான ஓட்டம் அதன் பின்னரே தொடங்கும். குதிகால் தசைநாண் நோவுக்கு முறையான வலுப்பயிற்சி குறைந்தது 12 வாரங்கள் தேவை. பலருக்கு அதற்கும் மேலாகும். முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் அறுந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், திடீரெனத் திரும்பியும் தாவியும் ஆடும் விளையாட்டுகளுக்குக் குறைந்தது 9 மாதங்களுக்கு முன் திரும்புவது மறுகாய ஆபத்தை உயர்த்தும்.

வலி நிற்பதும் திசு ஆறுவதும் ஒரே நாளில் நிகழ்வதில்லை. வலி முன்னதாகவே நின்றுவிடும். அந்த இடைக்காலமே மறுகாயம் நேரும் காலம்.

இருவரின் அனுபவம்

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த வேகப்பந்து வீச்சாளர் தங்கராசு நடராஜன் 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்திய அணிக்காக முதன்முறையாக ஆடினார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் போட்டியிலும் களமிறங்கினார். அதற்கு முன்பே தம் ஊர்ப் பிள்ளைகளுக்காகக் கிரிக்கெட் பயிற்சிக்கூடம் ஒன்றை, தமக்கு வழிகாட்டியாக இருந்தவருடன் சேர்ந்து உருவாக்கியிருந்தார். 2021 ஏப்ரலில் ஐ.பி.எல். தொடரின் நடுவே விலகி முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 2022 ஐ.பி.எல். தொடரில் 18 விக்கெட்டுகள் எடுத்தார். 2023 ஜூனில் அவருடைய ஊரில் அவர் அமைத்த கிரிக்கெட் மைதானம் திறக்கப்பட்டது. பயிற்சி தரும் பணி ஒருவர் தோளில் மட்டும் நில்லாமல் பலர் பொறுப்பில் இருக்குமானால், காயமுற்றவர் விலகி நின்று குணமாக வாய்ப்புக் கிடைக்கும். தனியாளாகப் பயிற்சி நடத்துவோர் காயம் வருமுன்பே சிந்திக்க வேண்டிய செய்தி இது.

டிரையத்லானில் பிரிட்டன் வீரர் டிம் டான் குறிப்பிடத்தக்கவர். 2017 மே மாதம் பிரேசிலில் அயர்ன்மேன் தொலைவை 7 மணி 40 நிமிடம் 23 நொடியில் கடந்தார். அதே ஆண்டு அக்டோபரில், ஹவாய் உலகப் போட்டிக்குச் சில நாள்களே இருந்தபோது, மிதிவண்டிப் பயிற்சியில் வாகனம் மோதி அவர் கழுத்தின் இரண்டாம் எலும்பு முறிந்தது. மண்டையோட்டில் திருகாணிகளால் பொருத்தப்பட்ட வளையச் சட்டத்தை மூன்று மாதங்கள் அணிந்திருந்தார். 2018 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானை 2 மணி 49 நிமிடம் 42 நொடியில் ஓடி முடித்தார். அவருடைய வேகத்தை நாம் அளவுகோலாகக் கொள்ள வேண்டியதில்லை. அவர் முழுநேர வீரர், சிகிச்சைக் குழு உடனிருந்தது. கொள்ள வேண்டியது வரிசைமுறையே. எலும்பு கூடும்வரை அசையாமை; பின் படிப்படியான இயக்கம்; முதல் இலக்காக மூன்று பிரிவும் அல்லாமல் ஓட்டம் ஒன்று மட்டும்.

பயிற்றுநர் பணியை மாற்றியமைத்தல்

"வேலையை விடுங்கள்" என்று மருத்துவர் சொல்வது எளிது. மாதக் கட்டணத்தில் குடும்பம் நடத்துபவருக்கு அது இயலாது. எனவே வேலையை நிறுத்துவதைவிட, அதன் வடிவத்தை மாற்றுவதே நடைமுறைக்கு ஒத்தது.

செய்து காட்டும் பொறுப்பை மூத்த மாணவர் ஒருவரிடம் ஒப்படையுங்கள். நாற்காலியில் அமர்ந்து விசில், கடிகாரம், கைப்பேசிக் காணொளி ஆகியவற்றைக் கொண்டு திருத்தங்களைச் சொல்லுங்கள். மாணவருடன் நீண்ட தூரம் உடன் ஓடும் நாள்களை உங்கள் காயம் ஆறும்வரை நீக்கிவிடுங்கள். காலில் காயமெனில், மருத்துவர் அனுமதித்த பின் மிதிவண்டியில் உடன் செல்லலாம். தோளில் காயமெனில் நீச்சல் குளத்தின் கரையிலேயே நின்று கற்பியுங்கள். விடியற்காலை வகுப்புக்காக நான்கு மணிக்கு எழுபவர், இரவு ஒன்பது மணிக்குள் உறங்கச் செல்ல வேண்டும். பெரியவர்களுக்கு 7 மணிநேரத் தூக்கமாவது தேவை; காயம் ஆறும் காலத்தில் அதைக் குறைப்பது சரியன்று.

இதில் மாணவர் நலனும் அடங்கியுள்ளது. நொண்டிக்கொண்டே ஓடும் ஆசிரியரைக் காணும் பதினான்கு வயதுப் பிள்ளை, வலியை மறைப்பதே வீரம் என்று கற்றுக்கொள்ளும். காயத்தை மதித்து அமர்ந்திருக்கும் ஆசிரியரிடம், வலியை வெளியே சொல்லலாம் என்று கற்றுக்கொள்ளும்.

மூன்று பிரிவுகள் தரும் வசதி

ஓட முடியாத காலத்தில் மற்ற இரண்டு பிரிவுகளால் இதயத்திறனைக் காத்துக்கொள்ளலாம் என்பது டிரையத்லானின் நன்மை. இடுப்பளவு நீரில் நிற்கும்போது உடல் எடையில் ஏறத்தாழப் பாதியே காலில் இறங்கும். மார்பளவு நீரில் மூன்றில் ஒரு பங்கு அளவே இறங்கும். அறுவைப் புண் முழுதும் மூடி மருத்துவர் சொல்லும்வரை குளத்தில் இறங்கலாகாது. ஓட்டத்தில் மிச்சமான நேரம் முழுவதையும் மிதிவண்டியில் செலவிட்டால் முழங்காலோ இடுப்போ அடுத்து நோகும் என்பதையும் நினைவிற்கொள்க.

மீண்டும் ஓடத் தொடங்கும்போது

அழுத்த முறிவு உடையவர், நாள்தோறும் 30 நிமிடம் வலியின்றி நடக்க முடிந்த பிறகே ஓட்டத்தைப் பற்றி எண்ண வேண்டும். தொடக்கத்தில் 1 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை என மாறி மாறி 20 நிமிடம். ஒருநாள் விட்டு ஒருநாள். தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டலாகாது. எலும்புக் காயத்தில் சிறு வலி தோன்றினாலும் நிறுத்துக. தசைநாண் நோவில், பயிற்சியின்போது 10க்கு 3 வரையிலான வலி ஏற்கத்தக்கது. ஆனால் மறுநாள் காலை வலியோ விறைப்போ முன்னைவிடக் கூடியிருந்தால், முந்தைய நாளின் மொத்தச் சுமை மிகுதி என்று பொருள். அந்த மொத்தத்தில் உங்கள் வகுப்புகளும் அடங்கும்.

வலி நிவாரணி மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சி செய்வதோ போட்டியில் இறங்குவதோ கூடாது. அது எச்சரிக்கையை மறைக்கும்; அத்துடன், வெயிலில் நீரிழப்பு நேரும்போது இவ்வகை மாத்திரைகளுள் பல சிறுநீரகத்துக்கும் இரைப்பைக்கும் தீங்கு செய்யும். ஓடவில்லையே என்று உணவைப் பெரிதும் குறைப்பதும் தவறு. எலும்பு கூடுவதற்குப் பருப்பு, பால், முட்டை, மீன் போன்ற புரத உணவும் போதிய அளவு சோறும் வேண்டும். பெண்களுக்கு மாதவிடாய் தவறுவது உழைப்புக்கேற்ற உணவு கிடைக்கவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

குடும்பத்தினர் கவனத்திற்கு

காயமுற்றவரிடம் "இன்னும் வலிக்கிறதா?" என்று மட்டும் கேட்காமல், "இன்று எவ்வளவு நேரம் நின்றீர்கள்?" என்றும் கேளுங்கள். முதற்கேள்விக்கு 'இல்லை' என்ற விடையே பெரும்பாலும் வரும். இரண்டாவதற்கு உண்மையான எண் வரும். அவர் மனச்சோர்வையும் எரிச்சலையும் சோம்பல் என்று கொள்ளாதீர்கள். ஓட்டமே தம் அடையாளம் என்று வாழ்ந்தவருக்கு அதன் இழப்பு ஒரு துயரம். இரண்டு வாரத்திற்கு மேல் உறக்கமின்மையோ, எதிலும் நாட்டமின்மையோ நீடித்தால் அதற்கும் சிகிச்சை உண்டு.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று தோன்றினாலும், அடுத்த முன்பதிவு நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்:

• காலை ஊன்றும்போது தொடை இடுக்கில் வலி. இடுப்பு மூட்டுக் கழுத்தெலும்பின் அழுத்த முறிவாக இருக்கலாம். அதுவரை காலை ஊன்றாமல் வருக.
• ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோதல். அத்துடன் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் மிக அவசரம்.
• அறுவைப் புண்ணில் சிவப்பு, சீழ், காய்ச்சல்.
• கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கருஞ்சிவப்பாதல்.
• இரவில் உறக்கத்தைக் கலைக்கும் எலும்பு வலி.

அடுத்த முறை வரும்போது உங்கள் எக்ஸ்ரே படங்களுடன் ஒரு வாரக் குறிப்பேட்டையும் கொண்டு வாருங்கள். பயிற்சி ஒரு பக்கம், தொழில் ஒரு பக்கம் என எழுதியிருக்கட்டும். அதைப் பார்த்து எந்த வேலையைக் குறைப்பது, எதை வைத்துக்கொள்வது, எந்த மாதத்துப் போட்டிக்குப் பெயர் கொடுப்பது என்பதை நீங்களும் நானும் இயன்முறை மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்யலாம்.