முதலமைச்சர் மாநில இளைஞர் விருதுக்கு விண்ணப்பிப்பது எப்படி?

சமுதாய நலனுக்காகத் தன்னார்வத்துடன் உழைக்கும் இளைஞர்களுக்குத் தமிழ்நாடு அரசு 2015ஆம் ஆண்டு முதல் முதலமைச்சர் மாநில இளைஞர் விருதை வழங்கி வருகிறது. சுதந்திர தின விழாவில் 3 ஆண்களும் 3 பெண்களும் இதைப் பெறுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் 1 லட்சம் ரூபாய் ரொக்கம், பாராட்டுப் பத்திரம், பதக்கம் உண்டு. மாநிலம் முழுவதற்கும் ஆறே இடங்கள் என்பதால், விண்ணப்பத்துக்கான வேலையை அறிவிப்பு வந்த பிறகு தொடங்கினால் போதாது. தொண்டு தொடங்கும் நாளிலேயே அதையும் தொடங்கிவிட வேண்டும்.

முதலில் தகுதியைச் சரிபார்க்க வேண்டும். 15 முதல் 35 வயதுக்கு உட்பட்டவர்கள் விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டில் குறைந்தது 5 ஆண்டுகள் குடியிருந்ததற்குச் சான்று இணைக்க வேண்டும். மத்திய, மாநில அரசுகள், பொதுத்துறை நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், கல்லூரிகள், பள்ளிகள் ஆகியவற்றில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பொருந்தாது. மாணவர்களுக்குத் தடை இல்லை. கவனிக்க வேண்டியது காலக்கணக்கு. முந்தைய நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை செய்த சேவை மட்டுமே பரிசீலிக்கப்படும். பல ஆண்டுகளாகத் தொண்டு செய்து வருபவரும் அந்த 12 மாதங்களில் என்ன செய்தார் என்பதைத்தான் காட்ட வேண்டும்.

செய்த தொண்டு கண்டறியக்கூடியதாகவும் அளவிடக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்பது விருதின் முக்கிய நிபந்தனை. இதற்கு ஒரு நீளநோட்டே போதும். மாலை நேர இலவச வகுப்பு நடத்துபவர் என்றால், ஒவ்வொரு நாளும் தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், வந்த பிள்ளைகளின் எண்ணிக்கை, அன்று நடத்திய பாடம், உடன் உதவியவர் பெயர் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். முதல் வாரமே பிள்ளைகளின் நிலையையும் குறித்துவிடுவது நல்லது. எடுத்துக்காட்டாக, ஜூன் மாதப் பக்கத்தில் ‘12 பேரில் 4 பேருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை’ என்று இருந்தால், மார்ச் மாதப் பக்கத்தில் அந்த 4 பேரில் எத்தனை பேர் பாடப்புத்தகத்தைத் தடங்கலின்றி வாசிக்கிறார்கள் என்று எழுத முடியும். அளவீடு என்பது இதுதான். ஜூன் மாதக் குறிப்பு இல்லாவிட்டால் மார்ச் மாத வெற்றியை நிறுவ வழியே இல்லை. ஞாபகத்திலிருந்து பிற்பாடு நிரப்பிய நோட்டு, ஒரே மையில் ஒரே கையெழுத்து ஓட்டத்தில் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

குளம் தூர்வாருதல், சீமைக் கருவேலம் அகற்றுதல், மரக்கன்று நடுதல் போன்ற பணிகளில் புகைப்படம் பெரிய சாட்சி. வேலை தொடங்கும் முன் கரையில் ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு, முடிந்த பிறகும் அதே இடத்திலிருந்து, அதே திசையில் எடுக்க வேண்டும். நீர்நிலையில் கை வைக்கும் முன் ஊராட்சியிடமோ உரிய துறையிடமோ எழுத்துப்பூர்வ அனுமதி பெறுவது அவசியம். அந்த அனுமதிக் கடிதமும் பின்னர் ஓர் ஆதாரமாகும். மரக்கன்றுகளைப் பொறுத்தவரை நட்டவற்றைவிட ஆண்டு முடிவில் பிழைத்திருப்பவற்றின் எண்ணிக்கைக்கே மதிப்பு அதிகம். இரத்த தானத்துக்கு இரத்த வங்கி தரும் சான்றிதழ்களைத் தேதி வரிசையில் சேர்த்து வைக்கலாம். உதவி பெறுபவர்களின் முகத்தைப் படம் பிடித்துக் காட்டுவது தொண்டாகாது. பிள்ளைகளின் படம் தேவைப்பட்டால் பெற்றோரின் சம்மதம் கட்டாயம் வேண்டும்.

விண்ணப்பதாரருக்கு உள்ளூர் மக்களிடம் உள்ள செல்வாக்கும் பரிசீலனையில் சேரும். ஊராட்சித் தலைவர், தலைமையாசிரியர், கிராம சுகாதார செவிலியர் என அந்தப் பணியை நேரில் பார்த்தவர்களிடமே கடிதம் கேட்க வேண்டும். ‘நல்ல பையன், சமூக அக்கறை உள்ளவர்’ என்ற பொதுப்புகழ் பயன்படாது. எந்த நாட்களில், எந்த இடத்தில், என்ன நடந்தது, யாருக்குப் பயன் என்று கடிதம் சொல்ல வேண்டும். வேலை முடிந்த கையோடு கேட்டால் விவரமாகக் கிடைக்கும். ஆண்டுக் கடைசியில் கேட்டால் நாலு வரி கிடைப்பதே அரிது.

விண்ணப்பத்தில் பணியை விவரிக்கும்போது சிக்கல், செய்தது, விளைவு என்ற வரிசையில் எழுதுவது நல்லது. குழுவாகச் செய்த பணி என்றால் குழுவின் பங்கையும் விண்ணப்பதாரரின் பங்கையும் பிரித்துச் சொல்ல வேண்டும். கூட உழைத்தவர்களுக்கு அதுவே நியாயம்.

அறிவிப்பு செய்தித்தாள்களிலும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் இணையதளத்திலும் வெளியாகும்; விண்ணப்பத்தை அந்த இணையதளம் வழியாகவே அனுப்ப வேண்டும். அண்மை ஆண்டுகளில் கடைசி நாள் மே மாதத்தில் வந்திருக்கிறது. ஆகவே ஏப்ரல் முதல் வாரத்திலேயே சான்றுகளை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்வது நல்லது. ஐயம் இருந்தால் மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலரை அணுகலாம். நிபந்தனைகளை அந்த ஆண்டு அறிவிப்போடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே அனுப்ப வேண்டும்.